சுங்குடிப் புள்ளியில் மின்னி: பிடித்த கதாபாத்திரத்தை அன்றாட உடையில் உடுத்தித் தீம் பார்க் போக முழுமையான வழிகாட்டி

பாரிஸ் பக்கம் இருக்கும் அத்தை வீட்டுக்கு முதல்முறை போனபோது என் மகளுக்கு ஏழு வயது. டிஸ்னிலாண்டுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அவளுக்கு மின்னி மவுஸ் கவுனும் வாங்கியாயிற்று. பெட்டி கட்டும்போது, "நீயும் மின்னியா வாம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தைக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பெரியவங்க அங்க வேஷம் கட்டிக்கிட்டு வரக்கூடாதும்மா, உள்ள விடமாட்டாங்க" என்றார்.

அன்று ராத்திரி பீரோவைக் குடைந்தபோது அம்மாவின் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடி கையில் அகப்பட்டது. சிவப்பில் வெள்ளைப் புள்ளி. முந்தானை கிழிந்து, உடுத்த முடியாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல் கிடந்த சேலை. அதை முழங்கால்வரை குர்தியாகத் தைத்து, கருப்பு லெகிங்ஸ் போட்டு, மஞ்சள் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போனேன். ரயிலில் வந்தவர்களுக்கு அது ஒரு குர்தி. என் மகளுக்கும், நுழைவு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண்ணுக்கும் அது மின்னி. அந்தக் குழந்தை தன் அப்பாவின் சட்டையை இழுத்து என்னைக் காட்டிய நிமிடத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதிலிருந்து கடலூரிலும் புதுச்சேரியிலும் எங்கள் சொந்தத்தில் யார் தீம் பார்க் கிளம்பினாலும் உடைக்கு என்னைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இது என்ன, எது இல்லை

இந்த வழக்கத்துக்கு டிஸ்னிபவுண்டிங் என்று பெயர். லெஸ்லி கே என்ற கனடாப் பெண், புளோரிடாவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகத் திட்டமிட்டிருந்த 2011-இல், கதாபாத்திரங்களின் நிறங்களில் சாதாரண உடைகளைச் சேர்த்துச் சேர்த்து இணையத்தில் போட ஆரம்பித்தார். டிஸ்னிக்குக் கிளம்பியாச்சு என்ற அர்த்தத்தில் அவர் வைத்த பெயர், பிறகு அப்படி உடுத்துவதற்கே பெயராகிவிட்டது.

வேஷம் என்றால் கவுன், விக், கிரீடம், கையில் ஒரு கோல் என்று முழுதாக மாறிவிடுவது. இது அப்படி அல்ல. வேலைக்கும் கடைக்கும் போட்டுப் போகிற துணிதான். நிறமும் ஒரே ஒரு குறிப்பும் சேர்ந்து பாத்திரத்தை ஞாபகப்படுத்தும். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்த உடையோடு புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பாத்திரத்தைத் தெரிந்தவர் மட்டும் இன்னொரு தரம் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: போகிற இடத்தின் விதி

துணி எடுப்பதற்கு முன்னால் பூங்காவின் விதிகளைப் படித்துவிடுங்கள். கலிபோர்னியா, புளோரிடா இரண்டு டிஸ்னியிலும் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாட்களில் வேஷ உடையில் உள்ளே போக முடியாது. தனி டிக்கெட் வாங்கிப் போகும் ஹாலோவீன் இரவுகளில் தளர்த்துவார்கள். அப்போதும் பெரியவர்களுக்கு முகமூடி கூடாது, உடை தரையில் புரளக் கூடாது, முதுகில் கட்டும் அங்கி இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. டோக்கியோவில் பெரியவர்கள் வேஷம் போட ஹாலோவீன் சமயத்தில் குறித்த நாட்கள்தான் உண்டு. இந்த விதிகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், கிளம்புகிற வாரத்தில் பூங்காவின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது. சென்னை வி.ஜி.பி. பூங்காவில் சிலை மனிதனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எத்தனை பிள்ளைகள் எத்தனை சேட்டை செய்தாலும் அசையாமல் நிற்பார். அவர் உடுத்தியிருப்பது அவருடைய வேலை. அதே உடையில் இன்னொருவர் பக்கத்தில் வந்து நின்று ஐஸ்கிரீம் தின்றால் குழந்தை எதை நம்பும்? டிஸ்னியிலும் அப்படித்தான். பாத்திரமாக வருகிறவர் ஒருவர்தான். அவரிடம்தான் குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும். நாம் அந்தப் பாத்திரத்தின் ரசிகராக, நம் சொந்த உடையில் பக்கத்தில் நிற்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்ற கேள்வியில் பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்துப் பூங்காக்களுக்கு வருவோம். கடலூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம், மாமல்லபுரம் தாண்டிப் போனால் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., அதற்கும் மேலே இஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., உள்ளே திரும்பினால் திருப்போரூர் பக்கம் ஒண்டர்லா. இந்த மாதிரி இடங்களில் உடை பற்றிய கண்டிப்பு பெரும்பாலும் தண்ணீர்ப் பகுதியில்தான். அதற்குத் தனியாகப் பின்னால் வருகிறேன்.

இரண்டாவது: பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது

அழகான பாத்திரத்தைத் தேடாதீர்கள். உங்களுக்கு நெருக்கமான பாத்திரத்தைத் தேடுங்கள். என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொசுக்கென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். டோனால்ட் டக்கைத் தவிர வேறு எதையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. நீலச் சட்டை, வெள்ளைப் பேன்ட், சட்டைப் பையில் சிவப்புக் கைக்குட்டை. நாள் முழுக்க அவர் காட்டிய உற்சாகத்துக்கு உடையும் ஒரு காரணம்.

டிஸ்னியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவும் தேவையில்லை. ஈ.சி.ஆர். பூங்காவுக்குப் போகும் பிள்ளைகளுக்கு டோரேமான்தான் நெருக்கம்: நீல டாப்ஸ், கழுத்தில் மெல்லிய சிவப்புத் துணி, அதில் மஞ்சள் மணி ஒன்று. பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஸ்னோ ஒயிட்டைப் பிடிக்கும். "நான் போட்டா சிரிப்பாங்க அத்தை. நான் என்ன கலரு, அவ என்ன கலரு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவளை உட்காரவைத்துக் கேட்டேன்: ஸ்னோ ஒயிட்டின் முடி என்ன நிறம்? கருகருவென்று இருக்கும். அது விக் வைக்காமலே உன்னிடம் இருக்கிறது. நீலக் குர்தி, மஞ்சள் பலாஸோ, பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னலில் கட்டுகிற அதே சிவப்பு ரிப்பன். போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்றாள். பவுடர் கூட வேண்டாம் என்றேன். உடையின் நிறத்தைத்தான் நாம் பாத்திரத்திடம் கடன் வாங்குகிறோம். தோலை வெளுப்பாக்குவதும் கருப்பாக்குவதும் இதில் எந்த இடத்திலும் வரக் கூடாது. உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை இப்படித் தயங்கினால் அந்தத் தயக்கத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

குடும்பமாகப் போனால் எல்லோரும் ஒரே கதையிலிருந்து எடுப்பது அழகாக இருக்கும், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். விருப்பமில்லாத தாத்தாவுக்குச் சட்டை மாற்றிவிட்டுக் கூட்டிப்போவதைவிட, அவர் போடுகிற வேட்டி சட்டையிலேயே சட்டை நிறத்தை மட்டும் நமக்கு ஒத்துப்போகிற மாதிரி எடுத்து வைத்தால் போதும்.

மூன்றாவது: நிறத்தைப் பிரித்து, வரிசையைக் காப்பாற்றுவது

படத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாத்திரத்தை நினையுங்கள். முதலில் தோன்றும் மூன்று நிறங்களை எழுதிக்கொள்ளுங்கள். நான்காவது வேண்டாம்.

அடுத்து, எந்த நிறம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். புதிதாகச் செய்கிறவர்கள் தவறுவது இங்கேதான். நிறம் சரியாக இருக்கும், மேலும் கீழும் மாறியிருக்கும். சிவப்பு மேலே, மஞ்சள் கீழே என்றால் தேன் தின்னும் கரடி வின்னி த பூ. கருப்பு மேலே, சிவப்பு நடுவில், மஞ்சள் காலில் என்றால் மிக்கி. நீலம் மேலே, மஞ்சள் கீழே என்றால் ஸ்னோ ஒயிட். அதே சிவப்பு மஞ்சளை மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று போட்டால் கோயிலுக்கு மாலை போட்டவர் மாதிரி இருக்குமே தவிரக் கரடி வராது. நிறங்களை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது.

அளவும் முக்கியம். கடற்கன்னி ஏரியலுக்கு வால் பச்சை. அது பெரிய பகுதி. மார்பில் இருக்கும் சிப்பியின் ஊதா சின்னது. பச்சைப் பாவாடையோ பேன்ட்டோ போட்டு, மேலே ஊதா. முடியின் சிவப்பை ஒரு கிளிப்பில் கொண்டுவந்தால் போதும்.

நிறத்துக்கு நம் கடைத்தெருவின் பெயர்கள்

துணிக்கடையில் போய் "ஜாஸ்மின் இளவரசி கலர் குடுங்க" என்றால் யாருக்கும் புரியாது. ஆனால் கடைக்காரர் தலையை ஆட்டி உடனே எடுத்துப்போடுகிற நிறப்பெயர்கள் நம்மிடம் ஏராளம். பட்டுச்சேலை வாங்கப் போன நம் அம்மாக்களும் பாட்டிகளும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பெயர்கள்.

ஜாஸ்மினின் நீலம் கலந்த பச்சைக்கு மயில்கழுத்து நிறம் என்று கேளுங்கள். ஏரியலின் மேல்துணிக்குக் கத்திரிப்பூ நிறம். இலையையே உடையாக உடுத்தியிருக்கும் டிங்கர் பெல்லுக்குக் கிளிப்பச்சை. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' கதையின் நாயகி பெல்லின் மஞ்சளுக்கு எலுமிச்சை மஞ்சள் ஆகாது, மாம்பழ மஞ்சள்தான். மிக்கியின் கால்சட்டைக்கு மிளகாய்ச் சிவப்பு. அரக்குச் சிவப்பை எடுத்துவிட்டால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். ஸ்னோ ஒயிட்டின் ஆழ்ந்த நீலத்துக்கு எம்.எஸ். புளூ மிக அருகில் வருகிறது.

செல்போன் திரையில் பார்க்கும் நிறத்தை நம்பி ஆன்லைனில் வாங்குவதைவிட, திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு மேட்சிங் சென்டரில் நுழைந்தால் வேலை ஒரே தடவையில் முடியும். பிளவுஸுக்கு மேட்சிங் பார்த்துப் பழகிய அந்தக் கண்கள் நிறத்தின் சாயலைப் பிடித்துவிடும். துணியைக் கடைக்கு வெளியே கொண்டுவந்து வெயிலில் பிரித்துப் பார்க்க மறக்காதீர்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கத்திரிப்பூவும் நாவல்பழமும் ஒன்றாகவே தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றும். பாவாடை, ரவிக்கை, தாவணி மூன்றும் மூன்று நிறத்தில் உடுத்துவது நமக்குப் பழக்கமான விஷயம். மூன்று நிறப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடை உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஸ்னோ ஒயிட்டுக்கு மாம்பழ மஞ்சள் பாவாடை, எம்.எஸ். புளூ ரவிக்கை, வெள்ளைத் தாவணி, தலையில் சிவப்பு ரிப்பன். ரைடில் ஏறாமல் ஊர்வலமும் விளக்கு அலங்காரமும் பார்க்கிற நாளுக்கு இப்படி உடுத்திப் போங்கள். ரைடு நாளுக்கு வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

புள்ளிக்குச் சுங்குடியைச் சொல்லிவிட்டேன். கட்டத்துக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. கவ்பாய் பொம்மை வுட்டிக்கு மஞ்சளில் சிவப்புக் கோடு ஓடிய கட்டம்போட்ட சட்டை வேண்டும். லுங்கித் துணியிலேயே அந்தக் கட்டம் கிடைக்கும். லுங்கியை வாங்கி ஆண்பிள்ளைக்கு அரைக்கைச் சட்டை தைத்தால் பருத்தியாகவும் இருக்கும், விலையும் குறைவு. கீழே நீல ஜீன்ஸ், பழுப்பு பெல்ட், கழுத்தில் சின்னச் சிவப்புத் துணி.

நான்காவது: ஒரே ஒரு குறிப்பு

நிறம் மட்டும் போட்டால் அது வெறும் நிறமாகவே நின்றுவிடலாம். அதைப் பாத்திரமாக்க ஒரு சின்னப் பொருள் வேண்டும். ஒன்று போதும், இரண்டாவது வந்தால் கொஞ்சம் யோசியுங்கள், மூன்றாவது வந்தால் அது வேஷத்தின் பக்கம் போய்விடுகிறது.

மிக்கிக்குச் சிவப்புப் பேன்ட்டின் முன்பக்கம் இரண்டு பெரிய வெள்ளைப் பட்டன் தைத்தால் வேறெதுவும் வேண்டாம். கரடிக்குத் தேனீ வடிவத் தோடு. டிங்கர் பெல்லுக்கு ஷூவின் மேல் வெள்ளைக் கம்பளி உருண்டை. பெல்லுக்குக் கையில் ஒரு புத்தகம்; அவள் படித்துக்கொண்டே நடப்பவள் அல்லவா?

ஏரியலுக்குச் சிப்பி. இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் காலையில் போனால் அலை ஒதுங்கிய இடத்தில் சின்னச் சின்னச் சிப்பிகள் கிடக்கும். ஏற்கெனவே ஓட்டை விழுந்திருப்பதைப் பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, கருப்புக் கயிற்றில் கோத்தால் ஊரின் மணலே கழுத்தில் இருக்கும். உள்ளே உயிர் இருக்கிற சிப்பியை எடுக்க வேண்டாம்.

ஜாஸ்மினுக்கு நான் சொல்வதைக் கேட்டு பாரிஸ் அத்தை அத்தனை சந்தோஷப்பட்டார். ஜாஸ்மின் என்றாலே மல்லிகைதானே! மயில்கழுத்து நிறச் சுடிதார், காதில் கவரிங் ஜிமிக்கி, பின்னலில் ஒரு முழம் மல்லி. அந்தப் பெயரைத் தலையிலேயே சூடிக்கொண்டு போவது நமக்குத்தான் முடியும்.

ஐந்தாவது: தைக்கக் கொடுப்பது

முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். மூன்று நிறத்தில் இரண்டு பெரும்பாலும் பீரோவிலேயே கிடைக்கும். இல்லாத ஒன்றை மட்டும் தைக்கக் கொடுக்கலாம், அல்லது புதுச்சேரியில் எம்.ஜி. ரோடு ஞாயிறு சந்தையில் தேடலாம். நின்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு அங்கே நல்ல நிறங்களில் சட்டையும் பேன்ட்டும் அகப்படும்.

டைலர் அக்காவிடம் கார்ட்டூன் படத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் அவர் உண்மையான அக்கறையோடு அந்தக் கவுனையே தைத்துக் கொடுத்துவிடுவார். நமக்கு வேண்டியது அது இல்லையே. உங்களுக்கு நன்றாகப் பொருந்தியிருக்கும் குர்தி ஒன்றை அளவுச் சட்டையாகக் கொடுத்து, துணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கூடவே சொல்ல வேண்டியவை: இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட், முழங்காலுக்குக் கீழே இறங்காத உயரம், நடக்கத் தடுக்காத சைடு ஓப்பன். கழுத்தில் கைவிரல் அகலத்துக்கு வேறு நிறப் பட்டியோ பைப்பிங்கோ கேட்கலாம். ஸ்னோ ஒயிட்டுக்கு வெள்ளைக் காலர் அப்படித்தான் வந்தது. அதற்கு அரை மீட்டர் 2×2 ரூபியா பிளவுஸ் துணி போதும், மீதியும் வரும்.

சிவப்பும் கருநீலமும் சாயம் போகும். பருத்தியை, அதிலும் சுங்குடியை, தைப்பதற்கு முன்னால் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் உலர்த்துங்கள். சாயம் போவதும் துணி சுருங்குவதும் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளைப் பட்டி வைத்துத் தைத்த பிறகு முதல் துவைப்பிலேயே அது ரோஸ் ஆகிப்போனால் மனசு ஆறாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின மாதத்தில் எந்த டைலரும் இந்த மாதிரி வேலையை எடுக்க மாட்டார். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள்.

ஆறாவது: ரைடும் தண்ணீரும்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

துப்பட்டா, தாவணி, தொங்கும் கயிறு, நீளமான ஸ்கார்ஃப் எதுவும் ரைடில் கூடாது. கோ-கார்ட்டில் துப்பட்டாவோ அவிழ்ந்த முடியோ சக்கரத்தின் அச்சில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டிலேயே அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. நீளமுடிக்காரர்கள் பின்னலை மடித்துக் கொண்டையாகக் கட்டி, வலை போட்டு, ஹெல்மெட்டுக்குள் அடக்கிய பிறகுதான் உட்கார வேண்டும். வுட்டியின் கழுத்துத் துணியையும் டோரேமான் மணியையும் ரைடுக்கு முன்னால் கழற்றிப் பையில் போடுங்கள். ஏரியலின் சிப்பிக் கயிற்றையும்தான்.

கண்ணாடி வளையல் வேண்டாம். பாதுகாப்புக் கம்பியில் மோதினால் உடைந்து மணிக்கட்டைக் கிழிக்கும். தாலிச்செயினை உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். குறிப்புப் பொருளை ஊக்கால் குத்துவதைவிட, பிரஸ் பட்டனோ இரண்டு தையலோ போட்டுக்கொள்வது நல்லது. குலுக்கும் ரைடில் ஊக்கு திறந்துகொள்ளும்.

இனித் தண்ணீர்ப் பகுதி. சேலை, சுடிதார், ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட் எதையும் பெரும்பாலான பூங்காக்கள் அனுமதிப்பதில்லை. நைலான், லைக்ரா, பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழைத் துணிதான். காரணம் உண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் நீந்த விடாது. நூலும் பஞ்சும் பிரிந்து தண்ணீர் வடிகட்டியை அடைக்கும். சாயம் குளத்தில் இறங்கும். ஜிப்பும் உலோகப் பட்டனும் சறுக்குப் பாதையைக் கீறும், பின்னால் வருகிறவரையும் கீறும்.

ஒருமுறை இது தெரியாமல், அழகாகத் தைத்த பருத்தி உடையோடு தண்ணீர்ப் பகுதி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டோம். வாடகைக்குக் கிடைத்த உடையில் மகள் விளையாடினாள். ஆனாலும் காலையிலிருந்து அவள் மின்னியாக இருந்தது அங்கே முடிந்துபோனதில் முகம் வாடிவிட்டது. இப்போதெல்லாம் தண்ணீருக்கென்று இரண்டாவது ஜோடி எடுத்துப்போகிறேன். நிறம் மட்டுமே போதும் என்பதால் இது சுலபம்: பச்சை நைலான் டைட்ஸ், ஊதா முழுக்கை நீச்சல் டி-ஷர்ட், ஏரியல் தயார். தண்ணீரில் கடற்கன்னியாக இருப்பதைவிட வேறென்ன வேண்டும் ஒரு குழந்தைக்கு!

ஏழாவது: வானிலையும் செருப்பும்

நம் ஊர்ப் புழுக்கத்தில் அக்னி நட்சத்திரச் சமயம் போகிறீர்கள் என்றால் கருப்பு மேல்துணி வேண்டாம். மிக்கிக்குச் சாம்பல் போட்டாலும் மிக்கிதான். லைனிங் போட்ட துணியையும் தவிர்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்கும் ஹாங்காங் கோடைக்கும் இதே கணக்குதான். கூட ஒரு மழைக்கோட்டு வேண்டும், அதைப் பாத்திரத்தின் நிறத்திலேயே எடுத்தால் மழை வந்தாலும் நிறம் மறையாது.

பாரிஸ் குளிர்காலம் வேறு. எத்தனை அழகான உடை போட்டாலும் மேலே கோட்டு வந்து மூடிவிடும். எனவே அங்கே கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை இவற்றில் நிறத்தைக் கொண்டுவர வேண்டும். மிக்கிக்கு வெள்ளைக் கையுறை குளிருக்கும் ஆயிற்று, குறிப்புக்கும் ஆயிற்று. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், அதாவது சொல்தா குடும்பங்கள், நிறைய உள்ள ஊர் நம்முடையது. டிசம்பர் லீவுக்கு அங்கே போகிற பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் வாங்கிய பருத்திக் குர்தியை மட்டும் நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

செருப்பைப் பற்றி ஒரே வரி: புது ஷூவோடு தீம் பார்க் போகக் கூடாது, பின்பட்டை இல்லாத செருப்பும் கூடாது. மஞ்சள் ஷூ புதிதாக வாங்கினால் இரண்டு வாரம் தினமும் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

எட்டாவது: பீச் ரோட்டில் ஒத்திகை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு புதுச்சேரி பீச் ரோட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வீதி முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். டூப்ளே சிலைப் பக்கம் ஆரம்பித்து, காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம் தாண்டி மறுமுனைவரை போய்த் திரும்புங்கள். அப்படியே இன்னும் இரண்டு சுற்று. தீம் பார்க்கில் ஒரு நாள் நடப்பது இதைவிட அதிகம், ஆனால் உடையின் குறை இதற்குள் தெரிந்துவிடும்.

எங்கே உரசுகிறது, எது நழுவுகிறது, கையைத் தூக்கினால் குர்தி எவ்வளவு மேலே ஏறுகிறது, பாக்கெட்டில் போன் வைத்தால் ஒருபக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருங்கள். ஊர்வலத்துக்காகக் காத்திருக்கும்போது அங்கே அப்படித்தான் உட்காருவோம். சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் கறை படிந்தால் எந்தத் துணியில் தெரியும் என்பதும் புரியும்.

போட்டோவையும் அன்றே சோதித்துவிடலாம். வெள்ளைக்காரத் தெருக்களின் மஞ்சள் சுவர் முன்னால் பெல்லின் மாம்பழ மஞ்சள் காணாமல் போய்விடும். ஏரியலின் பச்சையும் ஊதாவும் துடிப்பாக நிற்கும். காகிதப்பூக் கொடி தொங்குகிற வெள்ளைச் சுவரானால் ஸ்னோ ஒயிட். அங்கே வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதை மறக்காமல், வாசற்படியில் ஏறாமல், சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

அந்த நாளில்

சின்னப் பையில் இரண்டு ஊக்கு, ஊசி நூல், ஒரு ஜோடி மாற்று உடை, கழற்றிய குறிப்புப் பொருளைப் போட ஒரு சுருக்குப்பை. இவ்வளவு போதும்.

உங்களைப் பார்த்து ஒரு குழந்தை பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நின்று சிரித்துக் கையசையுங்கள். "நான்தான் மின்னி" என்று சொல்லாதீர்கள், பாத்திரமாக நின்று போட்டோவுக்கு முகம் காட்டாதீர்கள். "எனக்கும் மின்னியை ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிப் பாருங்கள்; அந்த முகம் எப்படி மலர்கிறது என்று தெரியும். உண்மையான பாத்திரத்தைச் சந்திக்கும் வரிசையில் உங்கள் முறை வரும்போது, வெட்கப்படாமல் உடையைக் காட்டுங்கள். வாய் பேசாத மிக்கி என் வீட்டுக்காரரின் நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்து, சிவப்புக் கைக்குட்டையைச் சரிசெய்துவிட்டு, டோனால்ட் மாதிரி இடுப்பை ஆட்டிக் காட்டியது. நாற்பத்திரண்டு வயது மனிதர் அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் சிவப்பைத் தனியாகத் துவையுங்கள். அந்த உடையைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். அன்றாட உடையாகத்தானே தைத்தோம். என் சுங்குடிக் குர்தி இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஆபீசுக்கு வருகிறது. மகளுக்குப் பதினோரு வயதாகிறது, மின்னியை விட்டுவிட்டாள். மே மாத லீவில் ஈ.சி.ஆருக்குப் போக அவள் கேட்டிருப்பது டிங்கர் பெல். கிளிப்பச்சைத் துணி லாரன்ஸ் ரோட்டில் எடுத்தாயிற்று, டைலர் அக்காவிடம் கொடுத்தாயிற்று. வெள்ளைக் கம்பளி உருண்டை மட்டும் பாக்கி; வருகிற ஞாயிறு சந்தையில் தேட வேண்டும்.